அப்பாவின் கட்டியை ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் அப்பாவுக்கு 58 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்காக அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. அகற்றும் திசுவில் கொஞ்சமும் சிறிது இரத்தமும், கணையப் புற்றுநோயையும் பெருங்குடல் புற்றுநோயையும் சேர்த்து ஆராயும் ஒரு கூட்டாய்வுக்குத் தருவீர்களா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். மாதிரிகள் வெளிநாட்டுக்கும் போகுமாம். என் சித்தப்பா 49 வயதில் கணையப் புற்றுநோயால் இறந்தார். சம்மதிக்கலாமா? நானும் தம்பியும் காப்புறுதி எடுக்கும்போது இது இடைஞ்சலாகுமா?”

சம்மதிக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் முடிவு அப்பாவுடையது. நோயாளி தெளிவாக இருக்கும்போது பிள்ளைகள் படிவத்தை நிரப்பி “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் அப்பா” என்று நீட்டுவது நம் வீடுகளில் சகஜம். அதைத் தவிருங்கள். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் அப்பா தயங்காமல் கேட்கட்டும்.

ஆய்வுக்காகக் கூடுதலாக வெட்டிவிடுவார்களோ என்று பலர் அஞ்சுகிறார்கள். எஞ்சிய திசு என்று படிவம் சொன்னால், நோயைக் கணிக்கத் தேவையான பகுதியை நோய்க்கூறியல் மருத்துவர் முதலில் எடுத்துக்கொள்வார்; மிச்சம்தான் ஆய்வுக்குப் போகும். இந்த ஆய்வால் அப்பாவின் சிகிச்சை மேம்படும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பலன் வந்தால் அது வேறு யாருக்கோ, பல ஆண்டுகள் கழித்து.

இரண்டு புற்றுநோய்களை ஏன் சேர்த்து ஆராய்கிறார்கள்? கேராஸ் என்ற மரபணு, உயிரணுவை வளரச் சொல்லும் ஸ்விட்ச் போன்றது. அதில் பிழை வந்தால் ஸ்விட்ச் அணையாது. கணையப் புற்றுநோயில் ஏறத்தாழ 90 விழுக்காட்டிலும் பெருங்குடல் புற்றுநோயில் ஏறத்தாழ 40 விழுக்காட்டிலும் இந்தப் பிழை காணப்படுகிறது. இரண்டுமே பெரும்பாலும் முதலில் கல்லீரலுக்குப் பரவுகின்றன. கணையத்தில் இன்னொரு தடையும் உண்டு: நோய் தெரியவரும்போது நூறு பேரில் 15 முதல் 20 பேருக்கே அறுவை சிகிச்சை சாத்தியம். எடுத்த கட்டியிலும் தழும்பு போன்ற நார்த்திசுவே மிகுதி, புற்றணுக்கள் குறைவு. எந்த ஒரு மருத்துவமனையும் தன்னந்தனியாகப் போதிய மாதிரிகளைச் சேர்ப்பது கடினம். அதனால்தான் நாடு கடந்து கைகோக்கிறார்கள். 2022இல் சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகமும் தேசியப் புற்றுநோய் நிலையமும் தென்கொரிய, பெல்ஜிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 63 நோயாளிகளின் 370,000க்கும் அதிகமான உயிரணுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தன. பெருங்குடல் புற்றணுக்கள் அடிப்படையில் இரு வகை என்று அதில் தெரியவந்தது. 63 பேர் சம்மதித்ததால் கிடைத்த விடை அது.

இங்கே மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 2015 இருக்கிறது. சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். திசுவை விற்கவோ வாங்கவோ கூடாது. மாதிரி நாட்டைவிட்டு வெளியே போகுமானால் அதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அப்பா பிறகு மனம் மாறிச் சம்மதத்தை மீட்டுக்கொள்ளலாம், ஆனால் அதற்குள் ஆய்வில் பயன்பட்டுவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. கண்டுபிடிப்பிலிருந்து மருந்து பிறந்தாலும் அதில் பங்கு கேட்க முடியாது. சிலருக்கு இது உறுத்தும்; எனக்கு நியாயமாகவே படுகிறது.

படிவத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஆய்வின் நடுவே உங்கள் குடும்பத்தைப் பாதிக்கக்கூடிய மரபணுப் பிழை தற்செயலாகத் தென்பட்டால், அப்பாவை அடையாளம் கண்டு தெரிவிக்க வேண்டுமா என்ற கேள்வி அது. எல்லா ஆய்வுகளிலும் அந்த ஏற்பாடு இருக்காது. இருந்தால், பதிலளிக்கும் முன் அப்பாவும் நீங்களும் தம்பியும் உட்கார்ந்து பேசுங்கள்.

நான் இரண்டாவது முறை படித்த வரி சித்தப்பாவைப் பற்றியது. அண்ணனுக்குப் பெருங்குடலில், தம்பிக்கு இளவயதிலேயே கணையத்தில். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் லிஞ்ச் நோய்க்குறி என்ற மரபுவழிக் குறைபாடு இரண்டுக்குமே வாய்ப்பைக் கூட்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதை ஆய்வகம் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆய்வு முடிவுகள் ஆண்டுக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். அப்பாவின் கட்டியில் எம்எம்ஆர் புரதச் சோதனை (மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது; லிஞ்ச் இருக்கக்கூடுமா என்பதற்கு முதல் தடயம்) செய்யப்படுகிறதா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். சித்தப்பாவின் கதையையும் அவரிடம் சொல்லுங்கள். குடும்ப வரலாறு இப்படி இருப்பதால், அந்தச் சோதனை எப்படி வந்தாலும் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

காப்புறுதி விஷயத்தில் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மரபணுச் சோதனை செய்துகொள்ளுமாறு நிறுவனங்கள் உங்களை வற்புறுத்தக் கூடாது. ஆய்வில் பங்கேற்றதால் கிடைத்த மரபணு முடிவுகளைப் பயன்படுத்தவும் கூடாது. ஆய்வுக்கு வெளியே நீங்களே செய்துகொள்ளும் சோதனைக்கு, தொகை மிகப் பெரிதாக இருந்தால் சில விதிவிலக்குகள் உண்டு. குடும்பத்தில் யாருக்குப் புற்றுநோய் என்று விண்ணப்பம் கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும். மறைத்தால் பின்னாளில் இழப்பீடு கோரும்போது அதுவே வினையாகும்.

50 வயதானோருக்குப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகத் தரும் மலப் பரிசோதனைப் பெட்டி உங்கள் இருவருக்கும் போதாது. 60 வயதுக்குள் அப்பாவுக்கு வந்துவிட்டதால், மரபுவழிக் குறைபாடு இல்லையென்றே தெரிந்தாலும் 40 வயதில் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை, தொடங்க வேண்டும். லிஞ்ச் என்று உறுதியானால் 20களிலேயே தொடங்கி, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை.