ஒரே கிணற்று நீரில் தென்னை செழிக்க, செவ்வாழை கருகுவது ஏன்?

கேள்வி: காயலை ஒட்டிய எங்கள் மணல் விளையில் (தோட்டத்தில்) தென்னைக்கும் செவ்வாழைக்கும் ஒரே கிணற்று நீரைத்தான் பாய்ச்சுகிறோம். தென்னை நன்றாக நிற்கிறது. செவ்வாழையிலோ மாசி மாதம் முதல் அடியிலைகள் ஓரம் கருகுகின்றன, காய்களும் திரளவில்லை. உரத்தைக் கூட்டியும் பலனில்லை. இது நோயா?
– வாசகர், மணக்குடி

பதில்: நீங்கள் கூறும் அறிகுறிகள் நோயைவிட உப்பையே சுட்டுகின்றன. உப்பிலுள்ள குளோரைடு தென்னைக்கு ஒரு தேவையான சத்து என்பதால், அது செழித்து நிற்பதைக் கொண்டு கிணற்று நீர் நல்லது என்று முடிவு செய்யலாகாது. வாழை அப்படியன்று. வேர்மண்ணில் உப்பு கூடும்போது, ஈரம் இருந்தும் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. அதோடு, சோடியம் மிகுந்த மண்ணில், காய் திரள இன்றியமையாத பொட்டாசியத்தை வேர் எடுத்துக்கொள்வதும் தடைபடுகிறது. உள்ளே சென்ற உப்பு முதிர்ந்த இலைகளின் ஓரத்தில் சேர்ந்துகொண்டே போவதால்தான் அடியிலைகள் முதலில் கருகுகின்றன. உரமும் ஓர் உப்பே ஆகையால், அதைக் கூட்டுவது வேரின் சிரமத்தையே கூட்டும். நாம் வழக்கமாக வாங்கும் பொட்டாசிய உரமான மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. விலை கூடினாலும் குளோரைடு இல்லாத சல்பேட் ஆஃப் பொட்டாஷைச் சிறு தவணைகளாக இடுவதே இத்தகைய விளைக்கு ஏற்றது.

என் கவலை உரத்தைவிடக் கிணற்றைப் பற்றியதே. கடலோர மணலில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், கோட்பாட்டளவில் கீழுள்ள உப்புநீர் 40 மீட்டர் மேலேறும். ஆகவே, மோட்டாரைப் போட்டவுடன் ஒரு புட்டியிலும், இரண்டு மணி நேரம் இறைத்தபின் இன்னொரு புட்டியிலும் நீரெடுத்து, இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் அஞ்ச வேண்டாம். 3-ஐத் தாண்டினால் அந்த நீர் வாழைக்கு ஆகாது. இரண்டாவது புட்டி நீரில் உப்பு கூடியிருந்தால், அதிகமாக இறைப்பதே காரணம் என்று கொள்ளலாம். அப்போது இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறைத்து, சொட்டுநீராகப் பாய்ச்சி, வாழைச் சருகால் மூடாக்கு இடுங்கள்.

நம் குமரி மாவட்டத்திற்கு இரு பருவமழையும் கிடைப்பது பெரும் பேறு. வடிகால் திறந்திருந்தால், மணலில் தேங்கிய உப்பை அந்த மழையே கழுவிவிடும். ஆனால் செவ்வாழை குலை வெட்ட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆவதால், ஒரு கோடையையேனும் அது கடந்தே தீர வேண்டும்.

கேள்வி: உப்பு மண்ணுக்கு ஜிப்சம் போடலாமா? அங்கு எந்தப் பழமரம் தாங்கும்?
– வாசகி, ராஜாக்கமங்கலம்

பதில்: ஜிப்சம், சோடியம் மிகுந்து இறுகிப்போன களர் மண்ணுக்கு உரிய மருந்து. உப்பு மட்டும் கூடிய உவர் மண்ணுக்கு நல்ல நீரும் வடிகாலுமே வேண்டும். மண்ணைச் சோதிக்காமல் ஜிப்சத்திற்குச் செலவிட வேண்டாம். பழமரங்களில் சப்போட்டா உப்பை நன்றாகத் தாங்கும்; கொய்யா ஓரளவு தாங்கும். மாவும் பப்பாளியும் எளிதில் பாதிக்கப்படுபவை ஆதலால், அவற்றைக் காயலிலிருந்து தள்ளியுள்ள மேட்டுப் பகுதியில் நடுங்கள்.