நாடக மேடைக்குக் கம்பியில்லா மைக்: கேள்வி பதில்

மும்பையில் நாடகம் போடும் நம் தமிழ்க் குழுக்கள் கேட்ட கேள்விகள் இவை. 200, 300 பேர் உட்காரும் அரங்கை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

செம்பூர்: நாடகத்தில் எட்டுப் பேர் நடிக்கிறோம். எட்டு காலர் மைக் வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. முதலில் ஃபேன், ஏசி எல்லாம் ஓடவிட்டு, ஒவ்வொருவரையும் வசனம் பேசச் சொல்லிக் கடைசி வரிசையிலிருந்து கேளுங்கள். குரல் எட்டாதவருக்கும், இசை ஓடும்போது பேசுகிறவருக்கும் மட்டும் மைக் கொடுங்கள். பெரும்பாலும் நான்கு போதும். மேடையில் திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், ஸ்பீக்கர் ஊளையிடாமல் ஏற்றக்கூடிய ஒலி 3 டெசிபல் குறைந்துவிடும். அந்தப் பணத்தில் நல்லதாக நான்கு வாங்குங்கள்.

டோம்பிவிலி: எங்களுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் மைக் செட். ஒத்திகையில் அருமையாக இருந்தது, நாடகத்தன்று விட்டுவிட்டுக் கேட்டது. ஏன் சார்?

எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. அன்று நடிகர்களின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. ஒத்திகையில் அரங்கு காலி. நாடகத்தன்று 200 பேர் வந்தால் 200 கைபேசியும் வருகிறது. வைஃபை, புளூடூத் இரண்டும் அதே 2.4-ஐப் பயன்படுத்துகின்றன. உரிமம் வேண்டாத அலைவரிசைப் பட்டை என்பதால் எல்லாரும் அங்கேதான் குவிகிறார்கள். இன்னொன்று, மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலைகளை உறிஞ்சிவிடும். ரிசீவரை (மைக்கின் அலையை வாங்கும் பெட்டியை) அரங்கின் பின்னால் மிக்சர் பக்கத்தில் வைத்திருந்தீர்கள் என்றால், நடுவில் உட்கார்ந்திருந்த கூட்டமே சுவராகிவிட்டது.

ரிசீவரை மேடைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், ஆண்டெனாவைத் தலைக்கு மேலான உயரத்தில் நடிகரைப் பார்க்க வையுங்கள். அங்கிருந்து மிக்சருக்குக் கேபிள் இழுத்தால் போதும். இரண்டு மைக்குக்கு இந்த செட்டே தாங்கும். நான்கு வேண்டுமென்றால் யுஎச்எஃப் (டிவி ஒளிபரப்பும் ஓடும் அலைவரிசை) பக்கம் போங்கள்.

மாட்டுங்கா: 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யும் யுஎச்எஃப் செட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

தயவுசெய்து வாங்காதீர்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு பகுதி 2022 ஏலத்தில் ஜியோவுக்குப் போய்விட்டது. அதில் 5ஜி ஓடுகிறது. 800, 900-களிலும் பெரும்பாலும் கைபேசி சேவைதான். 470-க்கும் 698-க்கும் இடையில் தேடுங்கள். அங்கேயும் தூர்தர்ஷனின் டிஜிட்டல் ஒளிபரப்பு உண்டு. ஒரு சேனல் 8 மெகாஹெர்ட்ஸை அடைத்துக்கொள்ளும். எந்த எண் காலி என்பது ஊருக்கு ஊர், அரங்குக்கு அரங்கு மாறும். அதனால் அரங்கிலேயே, உங்கள் டிரான்ஸ்மிட்டர்களை (நடிகர் உடம்பில் கட்டும் பெட்டிகளை) அணைத்து, எல்இடி திரையையும் விளக்குகளையும் போட்டுவிட்டு ரிசீவரில் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம், செட்டுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (அலைவரிசைகளைக் கவனிக்கும் பிரிவு) அனுமதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு, அந்தக் காகிதத்தையும் வாங்கி வையுங்கள்.

முலுண்டு: மூன்று மைக்கை 500.0, 500.4, 500.8 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தேன். தனித்தனியாகச் சரி, மூன்றும் சேர்ந்தால் இரைச்சல்.

சம இடைவெளிதான் காரணம். இரண்டு டிரான்ஸ்மிட்டர் நெருங்கினால் புதிய அலைகள் பிறக்கும். 500.4-ஐ இரட்டித்து 500.0-ஐக் கழியுங்கள்: 500.8! உங்கள் மூன்றாவது மைக் அங்கேதானே இருக்கிறது? அதை 501.2-க்கு மாற்றிப் பாருங்கள். மைக் கூடக்கூட இந்தக் கணக்கு சிக்கலாகும். ஒன்றோடொன்று மோதாத எண்களைச் சேர்த்து செட்டிலேயே 'குரூப்' என்று தயாராகத் தந்திருப்பார்கள், எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வையுங்கள்.

முலுண்டு: பேட்டரி?

ஒவ்வொரு முறை நாடகம் போடும்போதும் புதிது. பழையதை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சயான்: பட்டுப்புடவையில் குத்தினால் மைக்கில் ஒரே சரசரப்பு அண்ணா.

புடவையில் குத்தவே வேண்டாம் அம்மா. நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டி, வயரைக் கூந்தலுக்குள் விட்டு முதுகுப் பக்கமாக இறக்குங்கள். நெற்றிச்சுட்டி இருந்தால் மைக் வெளியே தெரியாது. பெட்டியை இடுப்பில் துணிப் பட்டையால் கட்டுங்கள். வியர்வை உள்ளே போகாமல் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுவிடுங்கள், ஆனால் ஆண்டெனாவை மடக்கிவிட வேண்டாம், நேராகத் தொங்கட்டும்.