வேலையை விடுவதற்கு முன் எந்தக் கார்டை மூடலாம்?

கேள்வி: எனக்கு 61 வயது. சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தோடு வேலையை விடப்போகிறேன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. கையில் மூன்று கிரெடிட் கார்டுகள். ஒரே வங்கியில் இரண்டு: 2003ல் வாங்கிய பழைய கார்டு, பிறகு வாங்கிய கேஷ்பேக் கார்டு. இன்னொரு வங்கியில், செலவுக்கேற்ப விமானப் பயண மைல்கள் சேரும் மைல்ஸ் கார்டு. அதில் மாதம் 500 வெள்ளி போலச் செலவு செய்கிறேன். இந்த முறை பழைய கார்டுக்கு 196.20 வெள்ளி, அதில் மனைவிக்கு எடுத்த துணைக் கார்டுக்கு 98.10, மைல்ஸ் கார்டுக்கு 261.60 என்று ஆண்டுக் கட்டணம் வந்திருக்கிறது. கேஷ்பேக் கார்டுக்குக் கேட்டால் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். மூன்றையும் மூடிவிட்டு டெபிட் கார்டோடு இருந்துவிடலாமா? மகனோ, "பழைய கார்டை மூடாதீங்கப்பா, கிரெடிட் ஸ்கோர் விழுந்துடும்" என்கிறான். மனைவிக்கு வயது 57. பாலர் பள்ளியில் பகுதிநேர வேலை, மாதம் 1,400 வெள்ளி.

பதில்: ஐயா, பழைய கார்டையும் மைல்ஸ் கார்டையும் மூடுங்கள். கேஷ்பேக் கார்டை மட்டும் மூடவே மூடாதீர்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் மனைவி பெயரில் தனியாக ஒரு கார்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 98.10 வெள்ளித் துணைக் கார்டுதான்.

முதலில் மகன் சொன்னதைப் பார்ப்போம். அவர் பார்த்தது அமெரிக்கக் கணக்காக இருக்கும். அங்கே கணக்குகளின் சராசரி வயதுக்கு மதிப்பெண்ணில் தனி இடம் உண்டு. இங்கே, கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் 1,000 முதல் 2,000 வரை மதிப்பெண் போடுகிறது. எவ்வளவு கடன் வைத்திருக்கிறீர்கள், சமீபத்தில் எத்தனை கணக்கு திறந்தீர்கள், தவணை தவறியதா, எத்தனை வங்கிகள் உங்கள் விவரத்தைக் கேட்டன என்பதையெல்லாம் அது பார்க்கிறது. நெடுநாள் ஒழுங்காகக் கட்டி வந்ததற்கும் மதிப்பு உண்டு. அதைக் காட்ட, மாதாமாதம் முழுத் தொகையைக் கட்டிவரும் ஒரு கேஷ்பேக் கார்டு போதும். கட்டிய விவரம் அறிக்கையில் மாதவாரியாகத் தெரிவது கடந்த 12 மாதங்களுக்குத்தான்.

இன்னொன்று. நம் ஊரில் ஒரு வங்கி தரும் கடன் வரம்பு பெரும்பாலும் அந்த வங்கியில் உங்களுக்கு உள்ள எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவானது. பழைய கார்டுக்கும் கேஷ்பேக் கார்டுக்கும் ஒரே வரம்புதான் இருக்கும். ஒன்றை மூடினாலும் வரம்பு அப்படியேதான் நிற்கும். வீட்டுக் கடனும் முடிந்துவிட்டது, புதுக் கடன் வாங்கும் எண்ணமும் இல்லை. அப்படியிருக்க மதிப்பெண்ணைக் காப்பாற்றுவதற்காக ஆண்டுக்கு 196.20 வெள்ளி கட்டுவது வீண்செலவு. இதில் 180 வெள்ளி கட்டணம், மீதி 9 விழுக்காடு ஜிஎஸ்டி.

மைல்ஸ் கார்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 வெள்ளி செலவு. வெள்ளிக்கு 1.4 மைல் என்று தாராளமாகவே வைத்தாலும் 8,400 மைல்தான் சேரும். ஒரு மைலை ஒன்றரைக் காசாக மதித்தால் 126 வெள்ளி. அதற்குக் கட்டணம் 261.60. தள்ளுபடி கேளுங்கள், கிடைத்தால் இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் யோசிக்க வேண்டாம். நிறையப் பயணம் போகிறவருக்கு, ஆண்டுக் கட்டணம் கட்டினால் அதற்கென்றே மைல் தரும் கார்டு என்றால் கணக்கு வேறு. உங்களுக்கு அது பொருந்தாது.

மூன்றையும் மூடுவது ஏன் கூடாது? வேலையை விட்ட பிறகு திரும்ப வாங்குவது கடினம். சிங்கப்பூர் நாணய ஆணைய விதிப்படி, 55 வயது வரை உள்ளவர் கார்டு வாங்க ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி இருக்க வேண்டும். 55ஐத் தாண்டியவருக்கு 15,000 வெள்ளி போதும். அதுவும் இல்லையென்றால் 750,000 வெள்ளிக்கு மேல் நிகரச் சொத்து காட்ட வேண்டும், அல்லது 30,000 வெள்ளி வருமானம் உள்ள ஒருவர் உத்தரவாதம் தர வேண்டும். நிரந்தர வைப்பில் பணத்தைப் போட்டு அதன்மேல் கார்டு வாங்கலாம் என்றாலும் ஒரு தொகை அங்கே முடங்கிவிடும். ஏற்கெனவே கையில் உள்ள கார்டை, சம்பளம் நின்ற மறுநாளே வங்கி பிடுங்குவதில்லை. அதனால் ஓய்வுக் காலத்துக்கு எந்தக் கார்டு வேண்டுமோ அதைச் சம்பளம் வரும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது மனைவியின் விஷயம். துணைக் கார்டு உங்கள் கணக்கின் கிளை. பழைய கார்டை மூடினால் அதுவும் அன்றே நின்றுவிடும். சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டியது: உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் அது நின்றுவிடும். எத்தனை ஆண்டு அதைப் பயன்படுத்தியிருந்தாலும் கட்டிய வரலாறு உங்கள் பெயரில்தான் ஏறும். கணவர் போன மாதத்திலேயே, தன் பெயரில் ஒரு கார்டும் இல்லை, வாங்க வருமானமும் இல்லை என்ற நிலைக்கு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்களுக்கு அது பெரிய அலைச்சல்.

உங்கள் மனைவிக்கு அந்த நிலை வரத் தேவையில்லை. மாதம் 1,400 என்றால் ஆண்டுக்கு 16,800 வெள்ளி. வயது 57. விதி கேட்கும் 15,000ஐத் தாண்டிவிட்டார். வங்கிக்கு வங்கி அளவுகோல் மாறும், ஒன்று மறுத்தால் இன்னொன்றில் கேட்கலாம். ஆனால் ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் பியூரோவில் பதிவாகும். அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக விண்ணப்பித்தால் மத்திய சேம நிதி (மசேநி), வருமான வரி விவரங்கள் தானாக நிரம்பிவிடும். வருமானம் 30,000க்குக் கீழ் என்பதால் வரம்பு இரண்டு மாதச் சம்பளத்துக்குள், அதாவது 2,800 வெள்ளிக்குள் இருக்கும். காய்கறி, மருந்து, கைப்பேசிக் கட்டணத்துக்கு அது தாராளம். அவர் எப்போதாவது வேலையை விடுவதாக இருந்தால், அதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும்.

அவர் கார்டு கைக்கு வந்த பிறகு மூடும் வேலைக்கு வாருங்கள். பழைய கார்டிலிருந்து தானாகக் கழியும் காப்புறுதி, தொலைபேசி, மின்சாரக் கட்டணங்களை முதலில் மாற்றுங்கள். பஸ்ஸிலும் எம்ஆர்டியிலும் அந்தக் கார்டைத் தட்டுகிறீர்கள் என்றால் வேறு கார்டுக்கு மாறி ஒரு வாரம் பொறுங்கள். அந்தக் கட்டணம் சில நாள் சேர்ந்துதான் கணக்கில் ஏறும். மிச்சமுள்ள புள்ளிகளை மூடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், மூடினால் அவை போய்விடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்துக்கு மாற்றிய மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்திருக்கும் கட்டணத்தைக் கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்றே வங்கியை அழைத்துத் தள்ளுபடி கேளுங்கள். கிடைக்காவிட்டால் கார்டை மூடப்போவதாகவும், கட்டணத்தை நீக்கிவிட்டு மூடும்படியும் சொல்லுங்கள். பல வங்கிகள் ஒப்புக்கொள்ளும். பதில் வருவதற்குள் கெடு நாள் வந்துவிட்டால் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள், பிறகு நீக்கினால் கணக்கில் வரவாக ஏறும். கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் 100 வெள்ளி வரை வரும், ஆண்டுக்கு 27, 28 விழுக்காடு வட்டியும் ஓடத் தொடங்கும், பியூரோ அறிக்கையிலும் தவறிய தவணையாக ஏறிவிடும். கணக்கு மூடப்பட்டதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த மாத அறிக்கையிலும் நிலுவை சுழியம்தானா என்று பார்த்த பிறகு கார்டை வெட்டிப் போடுங்கள்.