வீட்டில் தெலுங்கு, வகுப்பில் கவனமில்லை: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது, யுகேஜி. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் வேறெங்கோ போய்விடுகிறான். வகுப்பில் கவனிப்பதே இல்லை, ஏடிஹெச்டியாக (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்கலாம் என்கிறார் டீச்சர். தெலுங்கை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பல மொழி பேசுவதால் கவனக்குறைவும் வராது, பேச்சுக் குறைபாடும் வராது. நீங்கள் தடையில்லாமல் பேசும் மொழியில்தான் பிள்ளைக்குச் சொல்வளம் சேரும்.

முதல் வேலை, காது கேட்கும் பரிசோதனை. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கி, கேட்பது மந்தமாகலாம். வெளியே தெரியாது.

அப்புறம்தான் சிக்கலான இடம். ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் பலருக்கு மொழிச் சிக்கலும் சேர்ந்தே இருக்கும். ஆனால் மொழி புரியாத பிள்ளையும் கவனமில்லாத பிள்ளை போலவே தெரியும். புரியாத பேச்சை எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பான்? கவனக்குறைவு உள்ள பிள்ளைக்கு வார்த்தைகள் தெரிந்திருக்கும். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான், யார், எங்கே என்று சொல்லாமலே கதையில் தாவுவான். "செருப்பைக் கழற்றிட்டு, கை கழுவிட்டு, பையை எடுத்துட்டு வா" என்றால் செருப்பைக் கழற்றியதோடு சரி.

டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, தெலுங்கில் சின்னச் சின்னதாகச் சொல்லிப் பாருங்கள். தெளிவாகப் புரிந்துகொண்டு செய்தால், வகுப்பில் ஆங்கிலம் புரியாததும் காரணமாக இருக்கலாம். தெலுங்கிலேயே சொற்கள் குறைவு, வாக்கியம் சரியாக அமையவில்லை என்றால் மொழி மதிப்பீடு தேவை. வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதமாவது இதே நிலை நீடித்தால் ஏடிஹெச்டிக்கும் பார்க்க வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

வேலூர் சிஎம்சியில் குழந்தை வளர்ச்சி மருத்துவப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலும் தொடங்கலாம். எங்கே போனாலும் வீட்டில் தெலுங்கு என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு சொல்ல விடக் கூடாது.

ஏடிஹெச்டி என்றே உறுதியானாலும் இந்த வயதில் எடுத்தவுடன் மாத்திரை தருவதில்லை. நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குப் பயிற்சி தருவதே முதல் சிகிச்சை. மொழிச் சிக்கலும் இருந்தால் ஸ்பீச் தெரபி தனியாக வேண்டும்; கவனம் கூடினால் மொழி தானாக வந்துவிடாது.

அதுவரை டீச்சரிடம் இரண்டு உதவி கேளுங்கள்: முன்வரிசையில் உட்கார வைக்கட்டும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லட்டும்.