முயலைக் கொல்ற வைரஸ் கேன்சர் செல்லையும் கொல்லுமா? நீங்க கேட்டதும் என் பதிலும்

பாக்ஸ் வைரஸ்னு சொல்ற பெரியம்மை குடும்பத்து வைரஸ்கள்ல பதினாறு வருஷமா ஆராய்ச்சி பண்றேன். வைரஸ் வச்சு கேன்சரை அழிக்கலாமாமே, நிஜமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா எழுதுறேன். நான் லேப்ல வேலை பாக்குறவ, நோயாளிகளைப் பாக்குற டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கோங்க.

கேள்வி: மேடம், வைரஸ் நம்ம இம்யூன் சிஸ்டத்தை ஏமாத்துதுன்னு எல்லாரும் சொல்றாங்க. மூளையே இல்லாத ஒண்ணு எப்படி ஏமாத்தும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. ஒரு செல்லுக்குள்ள வைரஸ் பூந்துட்டா அந்த செல்லும் இம்யூன் செல்களும் இன்டர்ஃபெரான்னு ஒரு பொருளை வெளிய விடும், அது பக்கத்து செல் மேல இருக்கிற ரிசப்டர்ல போய் உக்காந்தா "வைரஸ் வந்திருக்கு, கதவைச் சாத்து"ங்கிற செய்தி உள்ள போகும். இதுல முயலுக்கு வர்ற மிக்ஸோமா வைரஸ் என்ன பண்ணுதுன்னா, அந்த ரிசப்டரோட வெளிப்பக்கம் மாதிரியே ஒரு புரதத்தைத் தானே செஞ்சு செல்லுக்கு வெளிய கொட்டிடுது, வர்ற காமா வகை இன்டர்ஃபெரான் எல்லாம் அந்தப் போலி ரிசப்டர்ல ஒட்டிக்கிட்டு அங்கேயே நின்னுடும், நிஜ ரிசப்டருக்கு செய்தி போகவே போகாது. கிராண்ட் மெக்ஃபேடன்னு கனடாக்காரர் ஒருத்தரோட குழுதான் இதைக் கண்டுபிடிச்சாங்க, 1991ல டிஎன்எஃப்னு இன்னொரு இம்யூன் சிக்னலுக்கான போலி ரிசப்டர், 1992ல காமா இன்டர்ஃபெரானுக்கானது. இதுக்கு வைரோசெப்டர்னு பேரே வச்சாங்க.

உதட்டுல புண் வர வைக்கிற ஹெர்பிஸ் வைரஸோட வழி வேற. நம்ம செல் உள்ள இருக்கிற புரதங்களைத் துண்டு துண்டா வெட்டி மேல்பரப்புல எடுத்துக் காட்டும், டி செல்னு காவல் காக்குற வெள்ளை அணு வந்து அதைப் பாத்துட்டுப் போகும், சந்தேகமா ஏதாவது இருந்தா அந்த செல்லையே கொன்னுடும். ஹெர்பிஸ்ல ஐசிபி47னு ஒரு புரதம், அந்தத் துண்டுகளைத் தூக்கிட்டுப் போற பம்பையே அடைச்சிடும், அப்போ டி செல் பாக்க ஒண்ணுமே இருக்காது. இந்த ஐசிபி47 பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

யாரும் உக்காந்து யோசிச்சு செஞ்சதில்ல இதெல்லாம். கோடிக்கணக்கான வருஷம், தப்பிச்ச வைரஸ் மட்டும் பெருகினதுல வந்தது.

கேள்வி: முயல் வைரஸுக்கும் மனுஷ கேன்சருக்கும் என்னங்க சம்பந்தம்? இது யாருக்குத் தோணுச்சு?

இந்த வைரஸோட கதையைக் கொஞ்சம் சொன்னாத்தான் புரியும். 1896ல உருகுவேல சனரெல்லிங்கிற விஞ்ஞானியோட லேப்ல ஐரோப்பிய முயல்கள் கொத்தா செத்துப் போனப்பதான் இது முதல்ல தெரிய வந்துச்சு. தென் அமெரிக்கக் காட்டு முயலுக்கு இது வந்தா தோல்ல ஒரு கட்டி, அவ்வளவுதான். ஐரோப்பிய முயலுக்கு வந்தா சாவு. அதனால முயல் தொல்லை தாங்க முடியாம 1950ல ஆஸ்திரேலியால இதை வேணும்னே அவிழ்த்து விட்டாங்க, கொசு பரப்புச்சு, ஆரம்பத்துல தொற்று வந்த முயல்ல நூத்துக்கு 99க்கு மேல செத்துச்சு.

மெக்ஃபேடன் குழு பல வருஷமா கேட்டுக்கிட்டிருந்த கேள்வி கேன்சர் பத்தியே இல்ல, இவ்வளவு கொடூரமான வைரஸ் முயலைத் தவிர மத்த உயிரினத்துக்கு ஏன் வரமாட்டேங்குதுங்கிறதுதான். செல்லுக்குள்ள நுழையவே முடியலையோன்னா அதுவும் இல்ல, மனுஷ செல், எலி செல் எல்லாத்துக்குள்ளயும் நுழையுது, ஆனா உள்ள போனதும் அந்த செல்லோட இன்டர்ஃபெரான் அதை நிறுத்திடுது, ஏன்னா மிக்ஸோமாவோட ஏமாத்து வேலை எல்லாம் முயலுக்குன்னு அளவெடுத்துத் தைச்சது, நமக்குப் பொருந்தாது. 2004ல எலி செல்லுல இன்டர்ஃபெரான் வழியை உடைச்சு விட்டுப் பாத்தாங்க, வைரஸ் நல்லாப் பெருகுச்சு.

இப்போ யோசிங்க, இன்டர்ஃபெரான் வழி ஏற்கனவே உடைஞ்சு கிடக்கிற செல் நம்ம உடம்புல எது? பெரும்பாலான கேன்சர் செல்லுங்கதான். வேகமா வளரணும்னு அது தன்னோட காவலைத் தானே கைவிட்டுடுது. அதோட ஏகேடின்னு ஒரு சிக்னல் நிறைய கேன்சர்ல எப்பவும் ஆன்லயே இருக்கும், அதுவும் இந்த வைரஸுக்கு வசதி. 2005ல மனுஷ மூளைக் கட்டி செல்களை எலிக்குள்ள வச்சு மிக்ஸோமாவைக் குத்தினாங்க, கட்டி அழிஞ்சுது. "ஏன் வரமாட்டேங்குது"ன்னு கேட்ட கேள்விக்குக் கிடைச்ச பதில், அப்படியே "எங்க வரும்"ங்கிறதையும் சொல்லிடுச்சு. நான் இந்தத் துறைக்கு வந்ததே இதைப் படிச்சுத்தான்.

கேள்வி: மனுஷனுக்கு வராதுன்னு எவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?

ஆஸ்திரேலியால பரவின சமயத்துலயே ஒரு பகுதியில மனுஷங்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்துச்சு, ஜனங்க பயந்து முயல் வைரஸ்தான் காரணம்னு சொன்னாங்க. ஃபிராங்க் ஃபென்னர், மக்ஃபார்லேன் பர்னெட், இயன் க்ளூனிஸ் ராஸ்னு மூணு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் முயலைக் கொல்ற அந்த வைரஸைத் தங்களுக்கே ஊசி போட்டுக்கிட்டாங்க, ஒண்ணும் ஆகல. இன்னிக்கு எந்தக் கமிட்டியும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது, ஆனா அந்தத் தைரியத்தை நினைச்சா இப்பவும் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: அக்கா, இது எல்லாம் லேப் அளவுலதானா, இல்ல நிஜமா மருந்தா வந்திருக்கா?

வந்திருக்கு தம்பி, ஆனா மிக்ஸோமா இல்ல. சீனால 2005லயே எச்101னு ஒரு அடினோவைரஸ், தலை கழுத்துப் பகுதி கேன்சருக்கு. அமெரிக்கால 2015 அக்டோபர்ல டி-வெக், மெலனோமாங்கிற தோல் கேன்சருக்கு. ஜப்பான்ல 2021ல டெலிடாக்ட், மூளைக் கட்டிக்கு.

டி-வெக் எப்படி செஞ்சாங்கன்னு மட்டும் சொல்றேன், ஏன்னா மேல சொன்னதெல்லாம் அதுல வந்து சேருது. அது ஹெர்பிஸ் வைரஸ். நம்ம செல்லோட காவலை முடக்குற ஐசிபி34.5 ஜீனை எடுத்துட்டாங்க, அதனால காவல் நல்லா இருக்கிற செல்லுல வளராது, காவல் இல்லாத கேன்சர் செல்லுல வளரும். ஐசிபி47ஐயும் எடுத்துட்டாங்க, அதனால தொற்று வந்த செல் டி செல் கண்ணுல நல்லாப் படும். அப்புறம் இம்யூன் செல்களைக் கூப்பிடுற ஜிஎம்-சிஎஸ்எஃப் ஜீனைப் புதுசா சேர்த்தாங்க. அதாவது தப்பிக்கிற வித்தை எது எதுன்னு யாரோ பல வருஷம் உக்காந்து கண்டுபிடிச்சு வச்சதாலதான் எதை வெட்டணும்னு தெரிஞ்சுது.

வைரஸ் நேரடியா கொல்றது பாதிதான். செல் வெடிக்கும்போது கேன்சரோட புரதமெல்லாம் வெளிய கொட்டுது பாருங்க, அதைப் பாத்து இம்யூன் சிஸ்டம் முழிச்சுக்கிறதுதான் பெரிய விஷயம். ஊசி போடாத கட்டி கூட சிலருக்குச் சுருங்கியிருக்கு.

கேள்வி: எங்க அம்மாவுக்கு நாலாவது ஸ்டேஜ். இது கிடைக்குமா? ப்ளீஸ் சொல்லுங்க.

படிச்சதும் மனசு கனமாயிடுச்சுங்க. பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். டி-வெக்கைக் கட்டிக்குள்ள நேரா குத்தணும், அதனால தோல்லயோ, தோலுக்கு அடியிலயோ, நிணநீர் முடிச்சுலயோ கைக்கு எட்டுற மெலனோமாவுக்குத்தான். அதைச் சோதிச்ச பெரிய ட்ரையல்ல 436 பேர், ஆறு மாசமாவது நிலைச்ச பலன் 16.3 சதவீதம் பேருக்கு, ஒப்பிட்ட மருந்துல 2.1 சதவீதம். நல்ல வித்தியாசம்தான், ஆனா எல்லாருக்கும் வேலை செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. அம்மாவோட கேன்சர் வகைக்கு ட்ரையல் ஏதாவது நடக்குதா, அம்மா அதுக்குத் தகுதியான்னு அவங்க ஆன்காலஜிஸ்ட் கிட்டயே நேரா கேளுங்க. காசு கொடுத்தா உடனே வைரஸ் சிகிச்சை தர்றோம்னு யாராவது சொன்னா கிட்டயே போகாதீங்க. நிஜமான ட்ரையல்ல பரிசோதனை மருந்துக்குப் பொதுவா காசு கேக்க மாட்டாங்க.

கேள்வி: கட்டிக்குள்ள ஏன் குத்தணும்? டிரிப்ஸ்ல ஏத்தினா உடம்பு முழுக்கப் போகுமே?

போகணும்னுதான் எல்லாருக்கும் ஆசை. ரத்தத்துல விட்டதும் கல்லீரல் வடிகட்டி எடுத்துடும், ஏற்கனவே ஆன்டிபாடி இருந்தா ஒட்டிப் பிடிச்சுடும். வைரஸை ஸ்டெம் செல்லுக்குள்ளயோ வெள்ளை அணுக்குள்ளயோ ஏத்தி அனுப்பிப் பாக்குறாங்க, அதுல நானும் ரெண்டு வருஷம் போட்டேன். செல் கட்டிக்குப் போய்ச் சேருறதுக்கு முன்னாடியே வைரஸ் அந்த செல்லையே கொன்னுடுச்சு. அந்த ரெண்டு வருஷத்து டேட்டால ஒரு பேப்பர் கூட வரல, ஆனா எத்தனை மணி நேரத்துக்குள்ள அனுப்பணும்னு கத்துக்கிட்டோம், இப்ப செய்யறது அதை வச்சுத்தான். முயல் வைரஸ்ல ஒரு நல்லது, நமக்கு அது வந்ததே இல்ல, அதனால பழைய ஆன்டிபாடி பெருசா இருக்காது.

கேள்வி: தோத்துப் போனது எதுவும் இல்லையா?

நிறைய. கல்லீரல் கேன்சருக்கு பெக்ஸா-வெக்னு ஒரு வேக்ஸீனியா வைரஸ் (பெரியம்மைத் தடுப்பூசில இருந்த வைரஸ்), சின்ன ட்ரையல்ல நம்பிக்கை கொடுத்துச்சு, மூணாம் கட்டத்தை 2019ல பாதியில நிறுத்தினாங்க. டி-வெக்கையும், இம்யூன் சிஸ்டத்தோட பிரேக்கை எடுத்து விடுற பெம்ப்ரோலிசுமாப்ங்கிற மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ட்ரையலும் எதிர்பார்த்த பலன் தரல.

கேள்வி: காலேஜ் முதல் வருஷம் படிக்கிறேன், இந்தத் துறைக்கு வர என்ன படிக்கணும்?

மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக் எதுவா இருந்தாலும் சரிம்மா, இம்யூனாலஜியை மட்டும் ஒழுங்காப் படி. பிஎச்டி, போஸ்ட்டாக் எல்லாம் சேர்த்துப் பத்து வருஷம் ஆகும்னு வீட்ல இப்பவே சொல்லி வை.

கேள்வி: எனக்கு உதட்டுல அடிக்கடி ஹெர்பிஸ் புண் வருது. அப்போ எனக்குக் கேன்சர் வராதா?

அப்படி இல்லைங்க. உங்க கிட்ட இருக்கிறது எந்த ஜீனையும் வெட்டாத வைரஸ், நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும், கேன்சரைத் தேடிப் போகாது. புண்ணு அடிக்கடி வந்தா டாக்டரைப் பாருங்க, அசைக்ளோவிர்னு மருந்து இருக்கு, டி-வெக் ஏதாவது தொந்தரவு கொடுத்தா நிறுத்த அதே மருந்தைத்தான் வச்சிருக்காங்க.