வாடை ஓய்ந்த நேரம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். கஜா புயல் அடித்த இரவில் கைக்குழந்தையோடு ஓட்டு வீட்டுக்குள் கிடந்தேன். இப்போது திருச்சிக்கு வந்துவிட்டோம். ஆனாலும் ஐப்பசி பிறந்தால் மனம் ஒரு நிலையில் இருப்பதில்லை. 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு' என்று செய்தியில் சொன்னாலே வயிற்றைப் பிசைகிறது. ராத்திரி கதவு படாரென்று அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். 'இங்கே ஏது புயல்' என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இந்தப் பயம் போகவே போகாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த இரவில் நானும் உங்கள் ஊர்ப்பக்கம்தான் இருந்தேன், அக்கா வீட்டில். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டியிருந்தது. காற்றின் சத்தத்தைவிட, எங்கிருந்தோ பிய்ந்து வந்த தகரம் ஒன்று தெருவில் இழுபட்ட சத்தம்தான் இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் திடீரென்று எல்லாம் நின்றது. இலை அசையவில்லை. மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அத்தான் தாழ்ப்பாளில் கை வைத்தார். எங்களோடு ஒதுங்கியிருந்த பக்கத்து வீட்டு ஆச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போகாதே தம்பி, வாடைதான் ஓஞ்சிருக்கு. இனிமே தெக்கேருந்து வரும்." கொஞ்ச நேரத்தில் வந்தது. கொட்டகை மொத்தமாக மாட்டின் மேல் சரிந்தது.

ஆச்சி 1952 புயலைச் சிறுமியாகப் பார்த்தவர். நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. அது கிழக்கிலிருந்து கரையேறும்போது, அதன் பாதையில் இருப்பவர்களுக்கு முதலில் வடக்குக் காற்று, அதுதான் வாடை. நடுவில் காற்று ஓய்ந்திருக்கும் இடம்தான் புயலின் கண். அது கடந்தபின் தெற்குக் காற்று. விடிந்ததும் தோப்பில் அதைக் கண்ணால் பார்த்தேன். முதல் காற்றில் சாய்ந்த தென்னைகள் தெற்கே தலைவைத்துக் கிடந்தன. அதைத் தாங்கி நின்று, வேர் தளர்ந்து, இரண்டாவதில் விழுந்தவை அவற்றின் மேலேயே வடக்கு நோக்கிக் கிடந்தன. அத்தான் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

66 வருடம் கழித்தும் ஆச்சிக்கு அந்தப் பயம் போகவில்லை, சகோதரி. போயிருந்தால் அத்தான் கொட்டகைக்குள் இருந்திருப்பார். உங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கஜா கடற்கரையோடு முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். புதுக்கோட்டையைப் புரட்டிப்போட்டு, திண்டுக்கல் வழியாக மேற்கே போய் அரபிக் கடலில் இறங்கிய புயல் அது.

ஆனால் தூக்கம் கெடுவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். நிலத்துக்குள் வர வர, கடலின் ஈரம் கிடைக்காமல் புயல் தளர்ந்துவிடும். திருச்சிக்கு அந்தத் தூரம் உண்டு. நான் இப்போதெல்லாம் வானிலை மையத்தின் அறிக்கையைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்ப்பேன். டார்ச், தண்ணீர், மருந்தை எடுத்து வைத்துவிட்டு டிவியை அணைத்துவிடுவேன். எனக்கு இது உதவுகிறது. உங்களுக்கு உதவாவிட்டால், வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் போனால், மனநல மருத்துவரைப் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

உங்கள் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதாகியிருக்கும். கொஞ்சம் வளரட்டும். அந்த இரவில் காற்று நின்றதையும், திரும்பி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் அதற்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்.