கிளவுட் சந்தையின் அளவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் தளங்களை ஏழு வருடமாக வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ரீசெல்லர் கணக்கில் (இடத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் கணக்கு) வைத்துப் பராமரித்து வருகிறேன். இப்போது சொந்தமாக மூன்று சர்வர் வாங்கி, சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வைத்து, விபிஎஸ் (ஒரு சர்வரைப் பல பங்காகப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) விற்கலாம் என்று நானும் என் மைத்துனரும் யோசிக்கிறோம். 40 லட்சம் ரூபாய் ஆகும். பாதி கையிருப்பு, பாதி வங்கிக் கடன்.

வங்கிக்குத் திட்ட அறிக்கை எழுத உட்கார்ந்தபோது ஒரு குழப்பம். 2024இல் உலக கிளவுட் சந்தை 17,000 கோடி டாலர் என்கிறது ஓர் அறிக்கை. இன்னொன்று 33,000 கோடி. மூன்றாவது கிட்டத்தட்ட 60,000 கோடி. எதை எழுதுவது? ஆண்டுக்கு 20 சதவீதம் வளரும் துறை என்பதில் மட்டும் எல்லோரும் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள். அந்த வளர்ச்சியில் ஒரு துளி எங்கள் பக்கம் வந்தாலே போதும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

வாசகர், ஈரோடு

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரிதான். அவை மூன்று வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. அறிக்கைகளின் தலைப்பில் எல்லாவற்றுக்கும் ‘கிளவுட்’ என்றே பெயர் இருப்பதால்தான் குழப்பம்.

17,180 கோடி டாலர் என்பது கார்ட்னர் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. கணிப்பொறி, சேமிப்பிடம், நெட்வொர்க் ஆகியவற்றை வாடகைக்கு விடும் தொழில் மட்டும் அதில் அடக்கம். துறையில் இதை ஐயாஸ் என்பார்கள். 33,000 கோடி என்பது சினர்ஜி ரிசர்ச் என்ற இன்னொரு ஆய்வு நிறுவனம் தரும் எண். ஐயாஸுடன், டேட்டாபேஸ் போன்றவற்றைத் தயார்நிலையில் தரும் பாஸ் சேவைகளும், ஒரே வாடிக்கையாளருக்கென்று ஒதுக்கி நடத்தும் பிரைவேட் கிளவுடும் அதில் சேரும். மூன்றாவது, அதாவது 59,570 கோடி, மறுபடியும் கார்ட்னருடையது. இதில் சாஸ் எனப்படும் சந்தா மென்பொருள்களும் உண்டு. ஒரு ஜவுளிக்கடை ஜோஹோ புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளுக்குக் கட்டும் சந்தா இந்த மூன்றாவது எண்ணில் வரும், முதல் எண்ணில் வராது. ஏனென்றால் ஜோஹோவின் சர்வர்கள் அவர்களுடைய சொந்த டேட்டா சென்டர்களில் இருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு சாஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் 100 ரூபாய் வாங்கி, அதில் 20 ரூபாயை அமேசானுக்கு சர்வர் வாடகையாகக் கட்டுகிறது என்று வையுங்கள். நிறுவனங்களின் வருவாயை வரிசையாகக் கூட்டினால் சந்தை 120 ரூபாய் என்று வரும். வாடிக்கையாளரின் பையிலிருந்து வந்தது 100 மட்டுமே. எந்த அறிக்கையைப் படித்தாலும், நிறுவனங்களின் வருவாயைக் கூட்டினார்களா, பயனாளர்களின் செலவைக் கணக்கிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

நிறுவனங்கள் தாமே வெளியிடும் எண்களையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். 2024 ஜூனில் முடிந்த நிதியாண்டில் ‘மைக்ரோசாஃப்ட் கிளவுட்’ வருவாய் 13,740 கோடி டாலர். அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ் 2024இல் ஈட்டியது 10,760 கோடி. மைக்ரோசாஃப்ட் முந்திவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த எண்ணில் நிறுவனங்கள் வாங்கும் ஆஃபிஸ் 365 சந்தா இருக்கிறது, டைனமிக்ஸ் என்ற வணிக மென்பொருள் இருக்கிறது, லிங்க்ட்இன் வருவாயில் ஒரு பகுதியும் இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸுக்கு இணையான மைக்ரோசாஃப்ட் சேவையான அஸ்யூரின் வருவாயைப் பல ஆண்டுகள் வளர்ச்சி சதவீதமாக மட்டுமே சொல்லிவந்தார்கள். 7,500 கோடி டாலரைத் தாண்டியது என்று தொகையாகச் சொன்னது 2025 ஜூலையில்தான். கூகுள் கிளவுடின் 4,320 கோடியிலும் வொர்க்ஸ்பேஸ் என்ற அலுவலக மென்பொருளின் சந்தா கலந்திருக்கிறது.

இனி வளர்ச்சி. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த 20 சதவீதம்தான். ஏடபிள்யூஎஸ் 2021இல் 37 சதவீதம் வளர்ந்தது, 2024இல் 19 சதவீதம். வேகம் பாதியாகிவிட்டது போலத் தெரிகிறது. டாலரில் பாருங்கள்: 2021இல் 4,540 கோடியிலிருந்து 6,220 கோடிக்குப் போனது. 2024இல் 9,080 கோடியிலிருந்து 10,760 கோடிக்கு. இரண்டு ஆண்டிலும் கூடியது அதே 1,680 கோடி. சதவீதம் மட்டும் பார்த்தால் தளர்ச்சி, தொகையைப் பார்த்தால் எதுவும் குறையவில்லை. இடையில் 2023இல் 13 சதவீதமாக இறங்கியதற்குக் காரணம் வேறு. கொரோனா காலத்தில் தேவைக்கு மேல் வாடகைக்கு எடுத்த சர்வர்களை வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து குறைத்த ஆண்டு அது.

அந்த வளர்ச்சி யாரிடம் போய்ச் சேர்கிறது? 17,180 கோடி ஐயாஸ் சந்தையில் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள், அலிபாபா, ஹுவாவே ஆகிய ஐந்தும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டன. அந்தச் சந்தை 2024இல் 22.5 சதவீதம் வளர்ந்தது. அதே ஆண்டில், சிறு நிறுவனங்களுக்கும் டெவலப்பர்களுக்கும் விபிஎஸ் விற்கும் டிஜிட்டல்ஓஷன் 78 கோடி டாலர் ஈட்டியது. அதன் வளர்ச்சி 13 சதவீதம் அளவுக்குத்தான். நீங்கள் நுழைய நினைக்கும் தொழிலுக்கு இதுவே நெருங்கிய ஒப்பீடு. பெரியவர்களின் வளர்ச்சியில் இப்போது செயற்கை நுண்ணறிவுக்கான தேவை பெரும் பங்கு வகிக்கிறது. ஈரோட்டு ஜவுளிக்கடையின் இணையதளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஐந்தாண்டு முன்கணிப்புகளை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். 2024இல் பொது கிளவுட் செலவு 67,880 கோடி டாலராக இருக்கும் என்று கார்ட்னர் 2023 நவம்பரில் சொன்னது. 2024 நவம்பரில் அதே ஆண்டுக்கு அவர்கள் சொன்ன எண்தான் மேலே தந்த 59,570 கோடி. அனுபவம் மிக்க நிறுவனம், ஒரே ஒரு ஆண்டு முன்கூட்டிய கணிப்பு, அதிலேயே 12 சதவீதம் இறங்கியது.

இப்போது உங்கள் மூன்று சர்வருக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் 64 கோர், 512 ஜிபி ரேம் என்று வைத்துக்கொள்வோம். 4 ஜிபி ரேம், 2 விசிபியு (சிபியுவில் ஒரு பங்கு), 80 ஜிபி டிஸ்க் கொண்ட ஒரே ஒரு திட்டத்தை விற்கிறீர்கள். சர்வரையே இயக்கும் ஹோஸ்ட் ஓஎஸ்ஸுக்கும் ஸ்டோரேஜ் மென்பொருளுக்கும் 64 ஜிபி ஒதுக்குங்கள். ஸ்டோரேஜுக்கு, எல்லா சர்வர்களின் டிஸ்க்குகளையும் ஒன்றாக இணைக்கும் செஃப் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இயல்பாக 4 ஜிபி ரேம் போகும், ஆகவே இதில் கை வைக்காதீர்கள். மீதி 448 ஜிபி. ஒரு சர்வருக்கு 112 விபிஎஸ், மூன்றுக்கு 336.

பலர் திட்ட அறிக்கையில் 336 என்று எழுதிவிடுவார்கள். ஒரு சர்வர் படுத்தால் அதிலிருந்த 112 பேரும் மற்ற இரண்டில் ஏற இடம் வேண்டாமா? அதற்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். விற்கக்கூடியது 224 மட்டுமே. சிபியுவை இருப்பதைவிட அதிகமாகப் பகிர்ந்து விற்கலாம், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. ரேமை அப்படி விற்றால், ரேம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஸ்வாப் ஏறி, ஒருவருடைய தளத்தின் சுமை மற்ற எல்லோரையும் முடக்கும். டிஸ்க் கணக்கு இன்னும் கடுமை: 224 × 80 என்றால் 17.9 டிபி. மூன்று பிரதி வைத்தால் சுமார் 54 டிபி. செஃப் 85 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கை தரத் தொடங்கிவிடும், அதனால் வாங்க வேண்டியது குறைந்தது 63 டிபி. பேக்கப் இதில் சேராது. அது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச்கிளவுட் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து சாம்பலானது. அதே கட்டடத்தில் பேக்கப் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

இந்த 224 எப்போது நிரம்பும்? உங்கள் கடன் திரும்புமா என்பதை முடிவு செய்யும் கேள்வி இதுதான். மாதம் 10 புதிய வாடிக்கையாளர் வருகிறார்கள், மாதம் 5 சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்று கொள்ளுங்கள். பத்தை 0.05ஆல் வகுத்தால் 200. எத்தனை ஆண்டு ஓட்டினாலும் அந்த எண்ணுக்கு மேல் போக முடியாது, ஏனென்றால் 200 பேர் இருக்கும்போது மாதம் 10 பேர் வருவார்கள், 10 பேர் போவார்கள். ஓராண்டு முடிவில் 92, இரண்டாண்டு முடிவில் 142. உங்கள் சர்வர் ஒருநாளும் நிரம்பாது. விலகல் 3 சதவீதமாகக் குறைந்தால் 37ஆம் மாதம் நிரம்பும். வங்கித் தவணையோ முதல் மாதமே தொடங்கிவிடும், டேட்டா சென்டர் வாடகையும் அப்படியே. உலகச் சந்தை 20 சதவீதம் வளர்ந்தாலும் 40 சதவீதம் வளர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

செலவுப் பக்கத்தில் பெரும்பாலானவை டாலரில் நகர்பவை. 2021 இறுதியில் டாலர் 74 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, 2024 இறுதியில் 85ஐத் தாண்டியது. வாடிக்கையாளரிடம் ரூபாயில் ஓராண்டுக் கட்டணம் முன்பணமாக வாங்கிவிட்டு லைசென்ஸை டாலரில் கட்டுபவருக்கு அந்த இடைவெளி நேராக நஷ்டம். லைசென்ஸ் விதிகளும் திடீரென மாறும். சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த, தளங்களை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல் 2019இல் கணக்கு எண்ணிக்கைப்படி கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஒரு சர்வரைப் பல விபிஎஸ்ஸாகப் பிரிக்கும் மென்பொருள் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம், அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தியது. அதே வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருள்களான ப்ராக்ஸ்மாக்ஸ், கேவிஎம் பக்கம் போங்கள்.

ஐபி முகவரி தனிப் பிரச்சினை. ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபி முகவரி ஒதுக்கும் ஏப்னிக் அமைப்பின் வட்டாரத்தில் புதிய உறுப்பினருக்குக் கிடைக்கும் ஐபிவி4 முகவரி அதிகபட்சம் 512. உங்களுக்கு அது போதும். ஆனால் ஒரு வாடிக்கையாளர் ஸ்பாம் அனுப்பினால் பக்கத்து முகவரிகளும் சேர்ந்து பிளாக்லிஸ்ட் ஆகும், நேர்மையானவர்களின் மின்னஞ்சலும் திரும்பிவிடும். புதிய கணக்குகளுக்கு மின்னஞ்சல் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை அடைத்தே வையுங்கள், கேட்டு விசாரித்தபின் திறந்து விடுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் பிறப்பித்த உத்தரவு விபிஎஸ் விற்பவர்களுக்கும் பொருந்தும்: லாக் (சர்வரின் செயல்பாட்டுப் பதிவு) 180 நாள், வாடிக்கையாளர் விவரம் அவர் விலகிய பிறகும் ஐந்து ஆண்டு, பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல். இதற்கும் ஆளும் சேமிப்பிடமும் வேண்டும்.

உங்களுக்குச் சாதகமானவையும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமாகாது. ஏடபிள்யூஎஸ் மும்பையிலிருந்து மாதம் 1,000 ஜிபி வெளியே போனால், இலவசமான முதல் 100 ஜிபி போக, ஏறக்குறைய 98 டாலர் கட்ட வேண்டும். டிஜிட்டல்ஓஷனின் 6 டாலர் திட்டத்திலேயே அந்த அளவு அடக்கம். ஆகவே டேட்டா போக்குவரத்தைத் தாராளமாகக் கொடுக்கும் உள்ளூர்க்காரருக்கு ஏடபிள்யூஎஸ் பில்லைப் பார்த்து மலைத்த வாடிக்கையாளர் வருவார். விலையில் டிஜிட்டல்ஓஷனை வெல்ல முடியாது, அவர்களும் பெங்களூரில் இருக்கிறார்கள். நீங்கள் தரக்கூடியது வேறு: ஜிஎஸ்டியுடன் ரூபாய் பில், இரவு பத்து மணிக்குத் தமிழில் போன் எடுக்கும் ஆள், வேர்ட்பிரஸ் உடைந்தால் சரிசெய்து கொடுப்பது. ஏழு வருடமாக நீங்கள் செய்வதும் அதுவே. அதற்குச் சொந்த சர்வர் தேவையில்லை.

என் யோசனை இது. 40 லட்சத்தை இப்போது தொடாதீர்கள். இந்திய டேட்டா சென்டர் ஒன்றில் ஒரே ஒரு டெடிகேட்டட் சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, தினசரி பேக்கப்பை வேறு ஊருக்கு அனுப்பி, இருக்கும் வாடிக்கையாளரில் 30 பேரை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே சர்வர் என்பதால், அது விழுந்தால் பேக்கப்பிலிருந்து மீட்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை விற்பதற்கு முன்பே ஒருமுறை செய்து பார்த்து, அந்த நேரத்தை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வங்கி அறிக்கையில் சந்தை அளவு கேட்டால் 17,180 கோடியை எழுதி, அதில் ஐந்து நிறுவனங்களின் பங்கையும் அடுத்த வரியிலேயே எழுதுங்கள். அதைவிட முக்கியமான எண்கள் உங்கள் ரீசெல்லர் பில்லிங் பக்கத்தில் இருக்கின்றன. கடைசி 24 மாதத்தில் மாதவாரியாகச் சேர்ந்தவர் எத்தனை, விலகியவர் எத்தனை, விலகியவர்களில் எத்தனை பேர் விலைக்காகப் போனார்கள், எத்தனை பேர் தொழிலையே மூடியதால் போனார்கள் என்று எடுத்து எழுதுங்கள். அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள். மேலே சொன்ன 5 சதவீதம், 10 பேர் என்பவை நான் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டு அதே கணக்கைத் திரும்பப் போடலாம்.